எடைக்கு எடை ரொட்டி

தெர்சைரா தீவிலிருந்து எங்களை ஏற்றிவந்த கப்பலில் பெண்களையும் குழந்தைகளையும் கீழ்த்தளத்தில் விட்டு வெளியே பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஆண்கள் மேலே. ஒழுக்கம் கெட்டுவிடக் கூடாதாம், ராஜாவின் உத்தரவு. கட்டிய மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மூன்று மாதம் கடலில் கிடந்தேன். எங்கள் மகள் உர்சுலா கீழே காய்ச்சலில் சாகக் கிடந்ததும் எனக்குத் தெரியாது, என் மனைவி கித்தேரியா அவளுக்காக நேர்ந்துகொண்டதும் தெரியாது. பிரேசிலின் தென்கரையில், சாந்தா கத்தரினா தீவில் இறங்கிய பிறகுதான் சொன்னாள். பிள்ளை பிழைத்தால், பரிசுத்த ஆவித் திருநாளன்று அவள் எடைக்கு எடை கோதுமை ரொட்டி ஏழைகளுக்குக் கொடுப்பதாக வேண்டுதல்.

எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. எங்கள் தீவில் எல்லோரும் நேர்ந்துகொள்வதுதான். உர்சுலாவுக்கு அப்போது நாலு வயது, காய்ச்சலில் உருகி ஒரு கோழி கனம்தான் இருந்தாள். குடியேற வந்த ஒவ்வொரு தம்பதிக்கும் ராஜா நிலம் கொடுத்தார், இரண்டு மாடு, ஒரு துப்பாக்கி, விதைக் கோதுமை எல்லாம் கொடுத்தார். ஒரே அறுவடையில் நேர்த்திக்கடனைத் தீர்த்துவிடலாம் என்று பெரிய மனுஷன் போலச் சொன்னேன்.

புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள், நவம்பரில், விதைத்தேன். என் அப்பா விதைத்த நாள் அது, அவருடைய அப்பா விதைத்த நாளும் அதுதான். எங்களுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்துவிட்ட பென்டோ வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இங்க நவம்பர்னா வெயில் ஆரம்பிக்கிற காலம். குளிரு மே மாசம்தான் வரும். கோதுமையை அப்போ போடு.”

“ஊருக்கு ஒரு தேதியிலயா புனிதர் திருநாள் வச்சிருக்காரு?” என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. பென்டோ சிரித்துக்கொண்டே போய்விட்டார். பயிர் முளைத்தது, ஜனவரி வெயிலிலும் மழையிலும் வேரோடு அழுகியது. என்னைப் போலவே எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் திருநாளை நம்பி மண்ணைக் கவ்வினார்கள். அடுத்த வருஷம் பென்டோ சொன்னபடி மே மாதம் விதைத்தேன். கதிர் வந்தது, கூடவே துரு நோயும் வந்தது. மாட்டுக்குப் போடத்தான் ஆயிற்று.

கித்தேரியா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அவ வளந்துக்கிட்டே போறா, கோதுமை வரவே மாட்டேங்குது” என்று ஒருநாள் சொன்னாள். பிள்ளை என்றால் வளரத்தானே செய்யும் என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அந்தக் கீழ்த்தளத்தில் பதினொரு குழந்தைகளைச் சாக்கில் சுற்றிக் கடலில் போடக் கொண்டுபோனதை அவள் பார்த்திருந்தாள். கடனைத் தீர்க்காவிட்டால், பிள்ளையைத் திருப்பித் தந்தவரே மறுபடி எடுத்துக்கொள்வார் என்பது அவளுடைய பயம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், காலப்போக்கில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

இங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சம் என்று யாரும் எண்ண வேண்டாம். கோதுமை விளையாவிட்டாலும் மரவள்ளி போட்டி போட்டுக்கொண்டு விளையும். குளிர் காலத்தில் வலையைக் கரைக்கு இழுக்க முடியாத அளவுக்கு மடவை மீன் விழும். எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் கொழுகொழுவென்று திரிந்தார்கள். உர்சுலா மட்டும் மெலிந்துகொண்டே வந்தாள். வயிற்றில் பூச்சி என்று நினைத்து, பிள்ளை அழ அழக் கசப்புக் கஷாயம் ஊற்றினேன். என் தட்டில் மூன்று துண்டு மீன் இருக்கும், அவள் தட்டில் பாதித் துண்டு. அவளுக்கு வயிறு சரியில்லை, இதுவே போதும் என்பாள் கித்தேரியா. நானும் தலையை ஆட்டிவிட்டு என் தட்டைக் காலி செய்வேன்.

மூன்றாம் வருஷம் காற்றோட்டமான மேட்டில் ஒரு சிறு துண்டில் மட்டும் விதைத்தேன். விளைந்துவிட்டது. இரண்டே சாக்கு. அதில் ஒரு பிடியைக்கூடக் கித்தேரியா யாரையும் தொட விடவில்லை. பானைகளில் கொட்டி, வாயைக் களிமண்ணால் பூசி, ஆறு மாதம் காத்தாள். திருநாளுக்கு முன் இரண்டு நாள் அடுப்பை விட்டு நகராமல் இருபத்திரண்டு ரொட்டி சுட்டாள். பத்துமா, பத்துமா என்று என்னைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கோவில் முற்றத்தில் தராசு தொங்கியது. அந்த வருஷத் திருநாளை எடுத்து நடத்தியவன் எங்கள் கப்பலில் வந்த கஸ்பார். ஒரு தட்டில் உர்சுலாவை உட்காரவைத்து, மறு தட்டில் ரொட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். பதினான்காவது ரொட்டியில் தட்டுகள் சமமாகிவிட்டன. பதினைந்தாவதை வைத்ததும் உர்சுலா மேலே போய்விட்டாள். பிள்ளை ஆடியிருப்பாள் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினான். மறுபடியும் பதினான்குதான்.

கூட்டம் கை தட்டியது. நேர்ச்சையும் தீர்ந்து ரொட்டியும் மிச்சம் என்று யாரோ வாழ்த்தினார்கள். கஸ்பார் மட்டும் கை தட்டவில்லை. என் பக்கமாகக் குனிந்தான்.

“அண்ணே, என் அஞ்சு வயசுப் பய இதைவிடக் கனமா இருப்பான். இவளுக்கு ஏழு ஆச்சே.”

கித்தேரியா ரொட்டிக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்சம் எட்டு ரொட்டிகள் அதில் கிடந்தன.

“நான்தான்,” என்றாள். “கோதுமை பத்தாமப் போயிருமோன்னு பயந்து, நான்தான் அவளுக்குச் சோத்தைக் குறைச்சேன்.”

கைதட்டல் நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறியது, கையைக்கூட ஓங்கியிருப்பேன். ஆனால் முதல் விதையை நவம்பர் மண்ணில் கொட்டி அழித்தவன் யார்? மூன்று வருஷமாக அதே மேசையில் உட்கார்ந்து மூன்று துண்டு மீன் தின்றவன் யார்? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். இவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

எடைக்கு மேற்பட்டது வீட்டுக்காரர்களுக்கே என்று சொல்லிக் கஸ்பார் கூடையைத் திருப்பிக் கொடுத்தான். கித்தேரியா ஒரு ரொட்டியைப் பிட்டு உர்சுலாவின் கையில் வைத்தாள். பிள்ளை அதை முகர்ந்து பார்த்தாள். வாயில் வைக்கவில்லை. தராசைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“தின்னா கனமாயிருவேனேம்மா.”

கித்தேரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊரே பார்க்க, சிறு சிறு துண்டாக ஊட்டத் தொடங்கினாள். நான் பக்கத்தில் மண்டியிட்டு அடுத்த ரொட்டியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.