வாரப் பலகை

காலை ஆறு மணிக்குக் கீழே பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டதும் ஆல்பின் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டான். ஒரு சுரண்டல். பிறகு நிறுத்தம். நிறுத்தம் சுரண்டலைவிட நீளமாக இருந்தது. மறுபடி ஒரு சுரண்டல். இருபத்து நாலு வருஷம் விளையாட்டு வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு உடம்பு எங்கே நோகிறது என்பது சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும். இது இடது இடுப்பு. இது கீழ்வீட்டு யோலானா.

இந்த வாரம் பனி அள்ள வேண்டியது யோலானா இல்லை, ஆல்பின்.

அந்தக் கட்டடத்தில் எட்டு வீடுகள். வாரத்துக்கு ஒரு வீடு, வெள்ளிக்கிழமை மாடிப்படியைக் கழுவ வேண்டும், தினமும் வாசல் பனியை அள்ள வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவுப் பிடியில் ஒரு மரப்பலகை தொங்கும். உள்ளங்கை அளவு. முன்னொரு காலத்தில் அதில் ஏதோ எழுதியிருந்தது. இப்போது எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. எழுத்து இருந்துதான் புரிய வேண்டும் என்றில்லை. ஞாயிறு சாயங்காலம் வேலையை முடித்தவர்கள் அதைக் கழற்றி அடுத்த கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். கீழே வாசல் கதவை யாராவது திறந்தால் காற்று மூன்று மாடி ஏறி வந்து பலகையை ஆட்டும்; அது ஆல்பினின் கதவில் ‘டக்’ என்று ஒரு தட்டு தட்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எத்தனை டக் என்று அவன் எண்ணவில்லை. எண்ணுவதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே.

எழுந்து திரைச்சீலையை விரலளவு விலக்கிப் பார்த்தான். தெருவிளக்கின் மஞ்சளில் யோலானா மண்வெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைத்தடி பனிக்குவியலில் செங்குத்தாகக் குத்தி நின்றது. அவள் தள்ளுவாள், நிற்பாள், தடியைப் பார்ப்பாள், அது போதாது என்பதுபோல மறுபடி தள்ளுவாள். ஆல்பின் திரையை விட்டுவிட்டுப் படுக்கைக்குத் திரும்பினான். நடந்துதான் திரும்பினான், நிமிர்ந்த முதுகோடு. அவனுடைய முதுகில் ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு எங்கே என்பதுதான் தெரியவில்லை. லிப்தோவ் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கிப் பத்தொன்பது நாளாகிறது. மேலே மலையில் போய் நின்றால் வெயில் கொளுத்துகிறதாம். ஊருக்கு மட்டும் யாரோ மூடி போட்டு அடுப்பையும் அணைத்துவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் அவனுக்குக் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும். பையன்களை அதிகமாக விரட்டி அதைச் சமாளித்துவிடுவான். இந்த வருஷம் ஜனவரியிலேயே வந்துவிட்டது. வந்தது போகவும் இல்லை. ஒரு நாள் காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலுறையைக் கையில் எடுத்தான். எட்டே முக்காலுக்குப் பார்த்தபோது காலுறை இன்னும் கையில்தான் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை போன் செய்தார். “என்ன ஆச்சு ஆல்பின்?” காலுறை என்று சொல்ல முடியுமா? “முதுகு பிடிச்சுக்கிச்சும்மா,” என்றான்.

அதற்கப்புறம் பொய் தானே நடக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் அழுத்திய இடத்திலெல்லாம் “ஆ” என்றான்; மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். நாலாம் மாடி கமில், நிஜமாகவே முதுகு போனவன், துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தான். “முதுகெலும்புல எல் நாலா, எல் அஞ்சா வாத்தியாரே?” ஆல்பினுக்கு வாயில் வந்தது: “அஞ்சு.” கமில் மேலதிகாரியைப் பார்த்ததுபோல ஒரு அடி பின்வாங்கினான். “அஞ்சா! ஐயோ பாவமே. எனக்கு வெறும் நாலுதான்,” என்று சொல்லிவிட்டு, சட்டையைத் தூக்கி, இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை அங்கேயே அவிழ்த்துக் கொடுத்தான். உடம்புச் சூடு ஆறாத பெல்ட். அது நாற்காலியில் தொங்குகிறது. ஆல்பின் அந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறான்.

மனைவி தாரினா ஆஸ்திரியாவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. இந்தத் தடவை மாற்று ஆள் வராததால் சேர்ந்தாற்போல ஒரு மாதம். போனில் சிரிப்பாள். “தொண்ணூறு கிலோ கிழவரை நாள் முழுக்கப் புரட்டிப் போடறது நானு. முதுகு போனது உனக்கா? நல்லா இருக்குடா நியாயம்.” அவள் சிரிக்கச் சிரிக்க, உண்மையைச் சொல்லும் இடம் ஒவ்வொரு நாளும் ஒரு படி கீழே போய்க்கொண்டிருந்தது.

ஆனால் அதெல்லாம் போன்தான், வார்த்தைதான். யோலானா விஷயம் அப்படியில்லை. திங்கட்கிழமை அவள் ஒரு தட்டு நிறைய, தவக்காலத்துக்கு முந்தின வாரம் எல்லா வீட்டிலும் பொரிக்கிற ஜாம் பன்னோடு, தாரினா கொடுத்துவைத்திருந்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்தாள்.

“எந்திரிக்காதீங்க வாத்தியாரே, எந்திரிக்காதீங்க! படுத்துக்கிட்டே சாப்பிடுங்க, சர்க்கரை கொட்டினா கொட்டிட்டுப் போவுது. பலகையப் பாத்தேன். பனியும் படியும் நான் பாத்துக்கறேன்.”

“வேணாங்கா. உங்க இடுப்பே…”

“என் இடுப்பு எங்க ஓடிடப்போவுது? ஆபரேஷன் பண்ணிப் புதுசு செப்டம்பர்லதான் வைப்பாங்களாம். அதுவரைக்கும் பழசுதான். தேயற வரைக்கும் ஓட்ட வேண்டியதுதான்.”

அவள் போன பிறகு ஆல்பின் படுத்தபடியே ஐந்து பன் சாப்பிட்டான். பசி இல்லை. வெட்கத்துக்கு இவ்வளவு இனிப்பு பிடிக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

திங்கள், செவ்வாய், புதன். இன்று வியாழன். நாளை அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடிப்படியைக் கழுவுவாள். சுரண்டல் சத்தம் நின்றதும் ஆல்பின் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டான். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு யோலானா பிசியோதெரபிக்குப் போவாள், பன்னிரண்டுக்குத்தான் வருவாள். அதற்குள் ரகசியமாகப் படியைக் கழுவிவிட்டால்? யோலானா, கமில் கழுவினான் என்று நினைப்பாள். கமில், யோலானா கழுவினாள் என்று நினைப்பான். இரண்டு பேரும் நாகரிகமானவர்கள், ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். திருடனுக்குக்கூட இவ்வளவு சுத்தமான திட்டம் அமையாது. உலகத்திலேயே மாடிப்படியைத் துடைப்பதற்காகத் திட்டம் போட்ட முதல் திருடன் தான்தான் என்று தோன்றியது. சிரிப்பு வரவில்லை, ஆனால் சிரிப்பு வர வேண்டிய இடம் எது என்று நினைவுக்கு வந்தது. அதுவே மூன்று வாரத்தில் முதல் தடவை.

ஒன்பதரைக்கு ‘டக்’. அவள் போய்விட்டாள். பத்தே காலுக்குக் காலுறை. பத்தரைக்கு வாளி.

நாலாம் மாடியில் தொடங்கிக் கீழே இறங்கினான். உடம்புக்கு வேலை நன்றாக ஞாபகம் இருந்தது. குனிந்து, துணியைப் பிழிந்து, படியின் மூலையில் கட்டைவிரலால் அழுத்தி. அழுக்குத் தண்ணீர் கறுப்பாக ஓடியது. தண்ணீர் மாற்ற மூன்று தடவை வீட்டுக்கு ஏறி இறங்கினான். மூச்சு வாங்கியது. மனது ஒன்றும் தெளிந்துவிடவில்லை. ஆனால் அது இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தது, வழக்கம்போல மேலே உட்கார்ந்திருக்கவில்லை. தன் கதவைத் தாண்டும்போது பலகையையும் ஒரு துடை துடைத்தான்.

கடைசி மூன்று படி பாக்கி இருந்தபோது வாசல் கதவு திறந்தது. மேலே, வெகு மேலே, ‘டக்’.

யோலானா. கைத்தடி, கம்பளித் தொப்பி, மூக்கு சிவந்திருந்தது. பிசியோதெரபிப் பெண்ணுக்குக் காய்ச்சலாம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதையெல்லாம் அவள் அப்போது சொல்லவில்லை. அப்போது அவள் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். வாத்தியார் இரண்டாக மடிந்து, வாளியை ஒற்றைக் கையால் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆல்பின் சட்டென்று நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

“இன்னிக்கு வலது பக்கமா?” என்றாள் யோலானா. “திங்கக்கிழமை இடது பக்கம் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க.”

கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கே வைத்தாலும் பொய். கடைசியில் வாளியின் பிடியிலேயே வைத்தான்.

“வலிக்கலைக்கா.”

“எது?”

“எதுவும். எப்பவுமே வலிக்கலை.”

யோலானா மேலே பார்த்தாள். படி முழுக்க ஈரம், மொசைக் கல் எண்ணெய் தடவினதுபோலப் பளபளத்தது. அந்த இடுப்போடு அதில் ஏற முடியாது. பிப்ரவரியில் காய அரை மணி நேரமாவது ஆகும். அவள் இன்னும் கழுவாமல் காய்ந்திருந்த மூன்று படியில் இரண்டாவதில், தடியைப் பிடித்து, பக்கவாட்டாக, பகுதி பகுதியாக உட்கார்ந்தாள். ஆல்பின் தாண்டி ஓட வழியில்லாதபடி தடி குறுக்கே கிடந்தது. அவன் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான், தண்டனை வாங்கும் பையன் மாதிரி. இருபத்து நாலு வருஷமாக இதே மாதிரி உட்காரவைத்தது அவன்தான்.

“முதுகு இல்லேன்னா, பின்ன என்ன?”

“தெரியல. எந்திரிக்க முடியல. காலுறைய எடுப்பேன், அப்புறம் என்ன செய்யணும்னு… செய்யணும்னு தெரியும். ஆனா கை போகாது. அழுகையும் வரல. ஒண்ணுமே வரலைக்கா.”

“நாலு நாள்,” என்றாள் அவள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நாலு நாளு அஞ்சரைக்கு எந்திரிச்சு, ரெண்டு வலி மாத்திரை போட்டுக்கிட்டு இறங்கினேன். பாவம், வாத்தியாருக்கு எல் அஞ்சுன்னு. நேத்து அந்தத் திருப்பத்துல உக்காந்துட்டேன், தெரியுமா? பத்து நிமிஷம். எந்திரிக்க முடியாம. யாரும் பாத்துடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டு.”

ஆல்பின் வாளியைப் பார்த்தான். கறுப்புத் தண்ணீரில் விளக்கு மிதந்தது.

“முதல்லயே சொல்லியிருந்தா…” என்றான், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே.

“சொல்லியிருந்தாலும் நான்தான் அள்ளியிருப்பேன். ஆனா உன்னைத் திட்டிக்கிட்டே அள்ளியிருப்பேன்.” ‘நீங்க’ போய்விட்டிருந்தது. “திட்டிக்கிட்டே அள்ளினா இடுப்பு அவ்வளவா நோவாது. அதையும் கெடுத்துட்டே.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. பள்ளிக்கூடத்துல…”

“என்னன்னு சொல்றது? விளையாட்டு வாத்தியாருக்குக் காலுறை கனமா இருக்குன்னா?”

ஆல்பினின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத்தான் கிளம்பியது, பாதி வழியில் என்ன ஆயிற்றோ, அவன் முகத்தை முழங்கையில் புதைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கையில் அழுக்குத் துணியின் வாடை. யோலானா அவனைத் தொடவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசல் கதவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்தொன்பதாம் நாள் மூடுபனி.

பிறகு, கடைத் தெருவில் சாமான் பட்டியல் சொல்வதுபோலச் சொன்னாள். “ஒண்ணு, கமிலோட பெல்ட்டைத் திருப்பிக் குடு. அவன் ரெண்டு வாரமா கைப்பிடியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படியேறறான். ரெண்டு, டாக்டர்கிட்ட முதுகுன்னு சொன்ன அதே வாயால இதையும் போய்ச் சொல்லு. இதுக்கும் மருந்து வெச்சிருப்பாங்க. மூணு, அடுத்த வாரம் என் முறை. பலகை உன் கதவுலயேதான் தொங்கும்.”

“சரிக்கா.”

“சரின்னு சொல்றது சுலபம். நாளைக்கு ஆறு மணிக்கு ஹீட்டர் குழாயைத் தட்டுவேன். மூணு தட்டு. நான் சட்டையை மாட்டி முடிக்கறதுக்குள்ள உன் கதவு திறக்கற சத்தம் கேக்கலேன்னா நானே இறங்கிடுவேன்.”

“மிரட்டறீங்களா?”

“ஆமா,” என்றாள். தடியின் நுனியால் மேல்படியைத் தொட்டுப் பார்த்தாள். “இன்னும் காயல.”

அன்று மத்தியானம் ஆல்பின் பெல்ட்டை எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனான். கதவுக்கு முன்னால் நின்றான். உள்ளே கமில் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான். தட்டுவதற்குக் கை எழவில்லை. பெல்ட்டைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, பலகை மாட்டியவனைப் போலச் சத்தமில்லாமல் இறங்கி வந்தான். பட்டியலில் ஒன்று முடிந்தது. பாதி முடிந்தது என்று சொல்லலாம். காலுறைகளை ஹீட்டர்மேல் அருகருகே விரித்து வைத்தான். மண்வெட்டியைக் கீழிருந்து கொண்டுவந்து கதவோரம் சாய்த்தான். இத்தனை ஏற்பாடு தாரினாவைப் பெண் கேட்கப் போன அன்றுகூட அவன் செய்ததில்லை.

விடியும் முன்பே விழிப்பு வந்துவிட்டது. வெளியே சத்தமே இல்லை. அப்படி ஒரு அமைதி இருந்தால் பனி கொட்டியிருக்கிறது என்று அர்த்தம், அதுவும் முழங்கால் வரைக்கும்.

டங். டங். டங்.

குழாய் வழியாக ஏறி வந்த சத்தம் கட்டில் காலில் அதிர்ந்தது. ஆல்பின் உட்கார்ந்தான். இடது காலுறை ஏறிவிட்டது. சூடாக இருந்தது. வலது காலுறையைக் கையில் எடுத்தான். எடுத்ததும், அவனுக்கு நன்றாகத் தெரிந்த அந்த இடம் வந்தது. கை அங்கேயே நின்றது. காலுறை அவனைப் பார்த்தது.

கீழே ஒரு அலமாரிக் கதவு திறந்து மூடியது. பிறகு கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம், ஒன்று. நிறுத்தம். இன்னொன்று. அவனுடைய தரைக்கு அடியிலேயே, அவனுடைய கட்டிலைத் தாண்டி, அவள் வீட்டு வாசலை நோக்கி அது போய்க்கொண்டிருந்தது. ஊன்றலைவிட நிறுத்தம் நீளமாக இருந்தது.

எப்படி எழுந்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வலது கால் வெறுங்காலாகச் சில்லிட்ட தரையில் இருந்தது, காலுறை கையில் இருந்தது, அதே கையில் மண்வெட்டியும் இருந்தது. இன்னொரு கை கதவுப் பிடியில். கீழே தடிச் சத்தம் நின்றுவிட்டது. அவளும் ஒரு கதவுக்குப் பின்னால் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கீழே வாசல் கதவை இன்னும் யாரும் திறக்கவில்லை. அவன் கதவுக்கு அந்தப் பக்கம் பலகை அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.