இடப்பக்கம் ஏழு சுற்று

என் மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அங்கே ஒரே விதி: ஓட்டுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது, சொன்னதைச் செய்ய வேண்டும். எதிர்க்கேள்வி கேட்டவர்கள் பாதி வழியில் இறங்கி நடந்திருக்கிறார்கள். நான் அக்கா மகன் என்பதால் பாடம் இலவசம். திட்டும் இலவசம்.

அன்று மதியம் மாமா இன்சுலின் போட்டுக்கொண்டு, அரை மணி காத்திருந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப்போன நேரத்தில் நான் போய் நின்றேன். வகுப்புக்குத் தாமதம்.

"துரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா? ஏறு. ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சாப்பிட்டுக்கறேன்."

"லெஃப்ட்டு" என்றார். திரும்பினேன். மறுபடி "லெஃப்ட்டு". நாலு முறை திரும்பினால் கிளம்பிய இடத்துக்கே வருவோம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. வந்தோம். மறுபடியும் லெஃப்ட்டு. சைக்கிள்கள் என்னை முந்திக்கொண்டிருந்தன.

மூன்றாவது சுற்றில், ஏசி ஓடியும் அவர் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது.

"என்ன மாமா, நான் ஓட்டறதப் பாத்து பயமா?"

"வாய மூடு. லெஃப்ட்டு."

அவர் திட்டினால் நலமாக இருக்கிறார் என்பது எங்கள் குடும்ப வைத்தியம். ஐந்தாவது சுற்றில் கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதனிடம் ஏதோ குழறினார். என்னைத்தான் திட்டுகிறார் என்று தலையாட்டினேன்.

ஏழாவது சுற்றில், அடுத்த வகுப்புக்காகத் தெருமுனையில் காத்திருந்த மருந்துக்கடை அக்கா நடுரோட்டில் வந்து கையை விரித்தார். கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தினேன்.

"மூணு தடவ பாத்துட்டேன். செக்குமாடா நீ?" என்று குனிந்தவர் மாமாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இவருக்கு சுகர் இருக்கா?"

"இருக்குக்கா. அதனாலதான் வீட்டுல இனிப்பக் கண்ணுலயே காட்ட மாட்டாங்க."

"சாப்பிட்டாரா?"

"ஊசி போட்டாரு. சாப்பிடல."

"அடப்பாவி! சுகர் ஏறல, இறங்கிப்போச்சு. ஓடு, ஜூஸ் வாங்கு. சர்க்கரை போட்டதா வாங்கு!"

ஓடினேன். கடைக்காரர் சில்லறை தேடினார். திரும்பி வந்தபோது மாமாவின் தலை தொங்கியிருந்தது. ஜூஸை அவர் வாயருகே கொண்டுபோனேன். அக்கா தட்டிவிட்டார்.

"இப்ப ஊத்தாத! முழுங்க மாட்டாரு, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். முழிச்சிருக்கும்போதே குடுத்திருக்கணும்."

சீட்டைச் சாய்த்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். ஆம்புலன்ஸுக்கு அக்கா ஏற்கெனவே போன் செய்திருந்தார். அவர்கள் திரும்ப அழைத்து அடையாளம் கேட்டார்கள். அந்தத் தெருவின் ஒவ்வொரு கதவும் எனக்கு மனப்பாடம்.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை எழுந்தது. மாமா எழவில்லை.

"எவ்வளவு நேரமா ஒரு மாதிரி இருந்தாரு?" என்று டாக்டர் கேட்டார். பத்து நிமிடம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில், தகவல் கேட்டு ஓடிவந்த மாமாவின் மனைவி, என் அத்தை நின்றாள்.

"முக்கால் மணி நேரம் இருக்கும் சார்."

எழுதிக்கொண்டார். "மூளைக்குச் சர்க்கரை போகாத நேரம் அது. முழிக்கிறாரான்னு பாப்போம்."

டாக்டர் நகர்ந்ததும் அத்தை கேட்டாள். "நீ பக்கத்துலதான இருந்த?"

"ஆமா அத்த."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் பக்கத்தில் உட்கார வந்தவள், கைப்பையை நடுவில் வைத்துவிட்டு, பெஞ்சின் அந்த முனையில் போய் உட்கார்ந்தாள்.