சனிக்கிழமைக்கென்று எடுத்து வைத்தது

ஆலையில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அவனுக்குக் ‘கம்பம்’ என்று பெயர். வைத்தவன் பம்பரம். பங்க் ராக் கச்சேரியில் முந்நூறு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதிக்கும்போது, நட்டு வைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கிற ஒரே ஆள் கம்பம்தான். பம்பரமோ, டிரம்ஸில் முதல் அடி விழுந்ததும் சுழல ஆரம்பித்தால் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு யாராவது தோளைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

“என்னண்ணே, உங்க வீட்டுல முதுகெலும்பை இரும்புக் கடையிலயா வாங்குனாங்க? கொஞ்சம் வளையுங்களேன்” என்பான் பம்பரம்.

“நான் மனசுக்குள்ள குதிக்கிறேன்டா.”

“அப்ப யார் காலும் மிதிபடாது. விவரமான ஆளு!” என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து வெல்டர் அக்கா சிரிப்பாள். அவளும் அதே ஆலைதான். சனிக்கிழமை நாலு மணிக்குக் கச்சேரி நடக்கிற பழைய அச்சகக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தால், வேறொரு பிறவி.

வாரம் முழுவதும் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற வேலை. இயந்திரம் நிமிடத்துக்கு அறுபது தரம் இறங்கும். பேச்சு கிடையாது, சைகைதான். சூப்பர்வைசர் திட்டுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே சத்தத்துக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும்; கொட்டகையில் சத்தத்துக்குப் பதில் சத்தம் போடலாம். அதற்காகத்தான் போனார்கள். வேறு சுகம் எதுவும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

திங்கள்கிழமைதோறும் ஸ்டோரில் ஆளுக்கு ஒரு ஜோடி மஞ்சள் ஸ்பாஞ்ச் தருவார்கள், காதில் வைக்கிற பிளக். புதுசை வைத்துக்கொண்டு கச்சேரி கேட்டால் இரைச்சல் வடிந்து, பாட்டின் வார்த்தை தனியாகப் பிரிந்து வரும். அதனால் புதுசைச் சனிக்கிழமைக்கென்று சட்டைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, இயந்திரத்துக்கு முன்னால் போன வாரத்துப் பழசைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துக்கொள்வார்கள். இந்த யோசனையைச் சொன்னவன் கம்பம்.

வருடாந்திரப் பரிசோதனையில் பம்பரத்துக்கு இரண்டு காதும் போய்விட்டது தெரிந்தது. வேலையால் போன காதென்றால், ஆலை அவனுக்குச் சத்தமில்லாத இடத்தில் வேறு வேலை தர வேண்டும். வெளியே போன காதென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கச்சேரியில் போன காது என்றது நிர்வாகம். விசாரணை வைத்தார்கள்.

பம்பரம் கம்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். காது கேளாததால் குரல் கூரையைத் தொட்டது. “அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்க. கச்சேரியில நான் பிளக் இல்லாம நின்னதே இல்லன்னு. உங்க குடும்பத்து வார்த்தைக்கு இங்க மதிப்பு இருக்கு.”

இருந்தது. கம்பத்தின் அப்பா முப்பது வருடம் அதே ஆலையில் ஸ்டோர் பார்த்தவர். ஒரு மூடி வீட்டுக்கு வந்ததில்லை.

சாட்சி சொல்ல வேண்டுமானால் வீட்டில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னான்.

“இத்தனை வருஷமா சனிக்கிழமை அங்கதானா? நான் சீட்டாட்டம்னுல்ல நினைச்சேன்!” என்றாள் மனைவி.

அப்பா கேட்டார்: “குடிக்கிற இடமா?”

“சிலர் குடிப்பாங்க. நான் தொட்டதில்லப்பா.”

“நம்ம பேரை நாலு பேர் வாயில போட்டு மெல்லுவாங்க. மெல்லட்டும். நம்பிக் கூப்பிட்டவனுக்காகப் போறே, போ. ஆனா கூட்டாம குறைக்காம சொல்லு. நம்ம வீட்டுல பொய்ச்சாட்சி சொன்னவன் கிடையாது.”

விசாரணை அதிகாரி நல்ல பெண்மணி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எதிரே பம்பரம் கம்பத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கச்சேரியில இவர் பிளக் போட்டிருந்தாரா?”

“ஒரு நாள் தவறாம போட்டிருந்தான் மேடம்.”

“அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?”

தன் வார்த்தையைச் சந்தேகப்பட்டது போல் கம்பத்துக்குச் சுருக்கென்றது. “புதுசு மேடம். உறையைப் பிரிச்சு என் கண் முன்னாலதான் போடுவான்.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “புதுசா? வாரத்துக்கு ஒரு ஜோடிதானே தர்றாங்க?”

தான் தோண்டிய குழி அப்போதுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கடையில் வாங்கினான் என்று சொன்னால் போதும்; இரண்டே வார்த்தை. அவை தொண்டை வரைக்கும் வந்தன. பம்பரத்தின் கண் இமைக்கவில்லை.

“ஆலையில கொடுத்ததுதான் மேடம்.”

“அப்ப மெஷின்ல எதைப் போட்டார்?”

“பழசு. கழுவினது.” பிறகு, கேட்காமலே, “யோசனை என்னோடது மேடம். நாங்க எல்லாருமே அப்படித்தான்” என்றான்.

அதையும் எழுதிக்கொண்டார்.

கம்பத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பம்பரத்துக்கு வந்த கடிதத்தில், கொடுத்த பாதுகாப்பை அணியாமல் தானே வருவித்துக்கொண்ட பழுது, மாற்று வேலைக்கு இடமில்லை என்று இருந்தது. அன்றைக்கே அவன் ஆலையில் தன் பெட்டியைக் காலி செய்தான்.

“அரிச்சந்திரனாலகூட அவன் வீட்டு ஆளுங்கதான்டா நாசமானாங்க. நீ அடுத்த வீட்டையில்ல கொளுத்திட்டு வந்திருக்கே” என்றாள் வெல்டர் அக்கா.

அப்பா ஒன்றுதான் கேட்டார். “உள்ளதைத்தானே சொன்னே?”

“ஆமாப்பா.”

“அப்ப தலை நிமிர்ந்து நட.”

தலை நிமிர்ந்துதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் பம்பரம் நின்றுகொண்டிருந்தான். சுழலவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியில் உள்ளங்கையை வைத்து, அதிர்வை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், உதடு தெரியும்படி எதிரே நின்றான் கம்பம்.

“தம்பி, நான்...”

பம்பரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒருவன் பேச்சைக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் முன்பெல்லாம் இடத்தை விட்டு எழுந்து போக வேண்டும். இப்போது அவனுக்கு அந்தச் சிரமம் இல்லை.

கம்பம் சொல்ல வந்ததை, அந்தப் பிடரியைப் பார்த்து, முழுக்கச் சொன்னான். பாட்டுச் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.