அலமாரியில் ஓடிய வண்டி

1

இந்தக் கதை ஒரு சுவர்க் கடிகாரத்திலிருந்து வந்தது. புத்தம் புதிது, ஓடவில்லை. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே திருப்பினால், பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உருவினேன், ஓடியது. வருஷம் முழுக்கப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பொருளில் இந்தப் பட்டை இன்னும் இருந்தால்?

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஏழைப் பிள்ளைகளின் வாழ்வில் அறிவியல் ஒளியேற்ற...'

(வேண்டாம். அது விருந்தினர் பேச வேண்டிய வசனம்.)

மறுபடியும். பள்ளி ஆய்வகம். மேசைமேல், காகிதத்தில் வரைந்த கறுப்புக் கோட்டின் வழியே தானாக ஓடும் குட்டி வண்டி. சுற்றிலும் பிழைப்புக்காக இடம்மாறி வந்தவர்களின் பிள்ளைகள். பாதிப்பேருக்கு வீட்டில் வேறு மொழி. எல்லோருக்கும் முன்னால் குடைச்சல் என்கிற சிறுமி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கேள்வி கேட்டே உயிரை வாங்குகிறாள் என்று அறிவியல் ஆசிரியர் வைத்தது இது. வண்டியை நன்கொடையாகத் தந்தவர்கள் இன்று பார்க்க வந்திருக்கிறார்கள். ஓடினால் அறிவியல் வகுப்பு அடுத்த வருஷமும் உண்டு. ஓடாவிட்டால் வண்டி வேறு பள்ளிக்கு, வகுப்புக்கு மூடுவிழா.

3

வருஷம் முழுக்க வண்டி அலமாரியில் இருந்தது. சாவி ஆசிரியரின் சட்டைப்பையில்.

"சார், ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டுமா?"

"ஒடைஞ்சா உங்கப்பாவா வந்து பதில் சொல்வாரு? போய் உக்காரு."

அலமாரியின் கண்ணாடி வழியே, அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த படங்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு வண்டி மனப்பாடம்.

(அவரை வில்லனாக்க ஆசைதான். கை வரவில்லை. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நிஜமாகவே அவர்தான். பயந்த மனிதர், பயத்துக்குப் பத்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டவர். பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்.)

4

"வருஷம் பூரா பசங்க இதுலதான் பழகுறாங்க மேடம்," என்றார் ஆசிரியர். "எங்க, நீ ஓட்டிக் காட்டும்மா."

'ம்மா' புதிது. குடைச்சல் பொத்தானை அழுத்தினாள். வண்டி அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.

"பரவாயில்ல, விடுங்க," என்றார் விருந்தாளி அம்மாள், கனிவாக. "இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டந்தான்."

அந்தக் கனிவில் குடைச்சலுக்குக் காது சுட்டது. வண்டியைக் கவிழ்த்தாள். பட்டை! பெட்டியில் இருந்த முதல் படமே அதை உருவுவதுதான். இந்த வண்டியை ஒருவரும் ஒருநாளும் ஓட்டியதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதன் நுனியைப் பிடித்தாள்.

5

முடிவு ஒன்று: உள்ளங்கைக்குள் மறைத்து உருவுகிறாள். வண்டி ஓடுகிறது, கைதட்டல். வகுப்பு தொடரும், வண்டி அலமாரிக்குத் திரும்பும். (பூட்டு விழும் சத்தம்வரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: பட்டையைத் தூக்கிக் காட்டி உண்மையைப் போட்டு உடைக்கிறாள். எல்லோரும் வெட்கித் தலைகுனிய, அவள் மட்டும்...

(தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போவாள். வகுப்பு? அடித்துவிட்டேன்.)

மூன்றாவதை நான் யோசிப்பதற்குள் அவளே வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், இத உருவட்டுமா?"

எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. வருஷம் முழுக்கக் கேட்டுக் கேட்டு மறுக்கப்பட்ட அதே கேள்வி. ஆசிரியரின் கை தன்னால் சட்டைப்பைச் சாவிக்குப் போகிறது. அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

அவள் இன்னும் நுனியை விடவில்லை. யாராவது பதில் சொல்லுங்கள்.