கிணற்றுக்குள் அடங்கிய ஆறு

பொய் சொல்லச் சொல்லும்போது மட்டும் இந்த மனுஷனுக்கு நான் தங்கச்சியாகிவிடுகிறேன். மற்ற நாளெல்லாம் 'ஏம்மா, உன்னைத்தான்.'

இப்படி நினைத்துக்கொண்டே, ஆற்று மட்டம் அளக்கும் வேலையிலிருந்த அவள் கருவி அறைக்கு அடியிலிருந்த அளவுக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். ஆற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியே இதற்குள் வரும். ஆறு ஏறினால் கிணறும் ஏறும், மிதவை உயரும், கருவி குறித்துக்கொள்ளும். இப்போது குழாயைச் சேறு அடைத்திருந்தது. வெளியே ஆறு பேயாட்டம் போட, கிணறு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண்ணைப் போல அடக்கமாக இருந்தது.

"பாரு தங்கச்சி, மெஷின் மூணரை மீட்டர்தான் காட்டுது," என்றார் பிரிவு அதிகாரி. "நாலைத் தாண்டினாத்தானே படகு விடக்கூடாது?"

"நேத்துலேருந்து அதே மூணரைதான் சார். குழாய் அடைச்சிருக்கு, உங்களுக்கே தெரியும்."

"தெரியாதுன்னு நான் சொன்னேனா?"

இன்று படகுப் போட்டி. அவருடைய புது மாப்பிள்ளை துடுப்புப் போடுகிறார். அதைப் பார்க்கச் சம்பந்தி வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து கரையில் குடை பிடித்து நின்றார்கள்.

"அந்தப் படகுல உங்க மாப்பிள்ளைதானே சார் போறாரு?"

"அவனுக்கு நீச்சல் தெரியும். சம்பந்தியம்மா வாயில விழுந்தா எனக்குத்தான் நீந்தத் தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வம்பு. சிரித்த பிறகு மறுப்பது பாதிச் சோற்றில் எழுந்திருப்பது மாதிரி. அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'வேப்பெண்ணெய்'. ஒரே ஒரு நாள் இனிப்பாக இருந்து பார்த்தால் என்ன என்று அவளுக்கும் ஆசை இருந்தது. அந்த ஆசை இவ்வளவு பெரிதாக உள்ளே உட்கார்ந்திருப்பது இப்போதுதான் தெரிந்தது.

இருவரும் பாலத்துக்குப் போனார்கள். தூணில் வரைந்திருந்த அளவுகோலில் அலை ஏறும்போது நாலு முப்பது, இறங்கும்போது மூணு தொண்ணூறு. இரண்டுக்கும் நடுவை எடுப்பதுதான் முறை.

"இறங்கும்போது பாரேன். அதுவும் ஆறுதானே?"

"ஏறும்போது மட்டும் அது யாரு சார், உங்க சம்பந்தியம்மாவா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நேரம் வேரோடு ஒரு மரம் வந்து தூணில் மோதியது. பாலம் காலடியில் அதிர்ந்தது. மரம் புரண்டு, அடுத்த வளைவை நோக்கிப் போனது. படகுகள் திரும்ப வேண்டிய வளைவு அது. சிரிப்பு நின்றது. ஆனால் அவர் கண் மரத்தோடு போகவில்லை, குடைகளிடம்தான் போயிற்று.

படகு விட அனுமதி தரும் கட்டுப்பாட்டு அறையை அழைத்து, போனை அவளிடம் நீட்டினார். அளவு பார்த்தவர் வாயால் சொன்னால்தான் அங்கே ஏற்பார்கள்.

"மூணு தொண்ணூறுன்னு சொல்லிடும்மா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவர் நிஜமாகவே கும்பிட்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துக்கொண்டே போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"நாலு பத்து," என்றாள், தணிந்த குரலில். "படகு விட வேண்டாம்."