தலைகீழாக உறைந்த விளம்பரம்

1

இந்தக் கதை என் கழுத்து வலியில் பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை கனவில் வரும், ரயில் பயணத்தில் வரும் என்கிறார்கள். எனக்கு வந்தது கார்விக் ஊர் ஹாக்கி அரங்கத்தின் மூன்றாவது வரிசையில், அக்டோபரில், பருவத்தின் முதல் ஆட்டத்தன்று. பனித்தளத்துக்குள் ஒரு விளம்பரம் தலைகீழாக உறைந்து கிடந்தது. படித்துப் பார்க்கலாமே என்று கழுத்தை வளைத்தேன். பக்கத்தில் இருந்தவரும் வளைத்தார். திரும்பிப் பார்த்தால் அரங்கத்தில் இருந்த அறுநூறு தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். காதால் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அதை அந்த விளம்பரத்தைப் பதித்தவர் இடைவேளையில் யாரிடமோ சொன்னார்: "கண்ணாடிய வீட்லயே மறந்துட்டேன்."

மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பெயர்களை மாற்றிவிட்டேன். கழுத்து வலியை மட்டும் மாற்றவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "வட ஒண்டாரியோவின் குளிர் எலும்பைத் துளைக்கும் ஒரு காலையில்..."

(அடித்தாயிற்று. பத்தொன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன். எங்களுக்கு அது வெறும் அக்டோபர். எலும்பெல்லாம் ஜனவரியில்தான் ஞாபகத்துக்கு வரும்.)

அடுத்தது: "லார்ன் பெசெட் எழுந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடி..."

(தேட முடியாது. அவரிடம் மூக்குக்கண்ணாடியே கிடையாது. கதையின் முடிச்சை முதல் வரியிலேயே அவிழ்த்துவிட்டேன். போகட்டும், ஒளித்து வைத்து விளையாடும் பொறுமை எனக்கும் இல்லை.)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். லார்ன் பெசெட்டுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷமாகக் கார்விக் அரங்கத்தில் பனித்தளம் போடுகிறவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரை எழுதுவார், பார்த்தால் கண்டுகொள்வார், அத்தோடு சரி. இது யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மனுஷன் ஒருநாள்கூடக் கண்ணாடியை மறக்காமல் கொண்டுவந்ததில்லை என்பதுதான். போன கிறிஸ்துமஸுக்கு ஹாக்கி அணிப் பையன்கள் சேர்ந்து, கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறு ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்கள். அதை அவர் தினமும் அணிந்து வருகிறார். கயிற்றின் நுனியில் ஒன்றும் இருப்பதில்லை.

3

பனித்தளம் போடுவது தோசை வார்ப்பது போல ஒரே ஊற்றில் முடிகிற வேலை இல்லை. சிமெண்டுத் தரையைக் குளிரவைத்து, தண்ணீரை மெல்லியதாகத் தெளித்து உறையவிட வேண்டும். அதன்மேல் வெள்ளைச் சாயம், கோடுகள், பிறகு விளம்பரம் அச்சிட்ட வலைத்துணிகள். அவற்றின்மேல் மறுபடி தண்ணீர், மறுபடி, மறுபடி. ஒரு துணி உறைந்துவிட்டால் ஏப்ரல் வரை அது அங்கேதான்.

விளம்பரத்தின் கால், அதாவது அடிப்பக்கம், பார்வையாளர்கள் பக்கம் இருக்க வேண்டும். லார்னுக்கு இதில் இதுவரை தடுமாற்றமே வந்ததில்லை. காப்பிக் கடைக்குக் கோப்பை. குழாய்க் கடைக்குக் குழாய். காப்பீட்டுக் கம்பெனிக்கு ஒரு மூஸ் மான், மானுக்குக் கால் கீழே. சந்தேகம் வந்தால் சிற்றுண்டிக் கடை நோரீனைக் கூப்பிட்டு, "இது உனக்கு அழகா இருக்கா?" என்று கேட்பார். அவள் நின்று பார்க்கிற பக்கத்திலிருந்தே விஷயம் விளங்கிவிடும்.

இந்த வருஷம் நூலகமும் ஒரு விளம்பரம் கொடுத்தது. நூலகத்தில் விளம்பர வேலை பார்க்கிறவள் ஐலா ஹக்கலா. பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு என்றாலே கண்ணாடி போட்ட ஆந்தையும், திறந்த புத்தகத்திலிருந்து கிளம்பும் வானவில்லும்தான் என்று ஆகிவிட்டதில் அவளுக்கு அலுப்போ அலுப்பு. போன வருஷத்து ஆந்தைச் சுவரொட்டியைப் பார்த்து வந்தது ஒரே ஒருவர். அவரும் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர். படிக்கத் தெரியாதவரை எழுத்தால் கூப்பிட்டு என்ன பயன், படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு கூப்பிடுவோம் என்று முடிவு செய்தாள். படமே இல்லாமல் இரண்டு வரி. மேலே சின்ன எழுத்தில்: "இதை உங்களால் படிக்க முடிகிறதா?" கீழே பெரிய எழுத்தில்: "முடியாத ஒருவரைக் கூட்டிவாருங்கள்."

துணி வந்த அன்று நோரீன் மகளின் பிரசவத்துக்காக சட்பரி போயிருந்தாள். லார்ன் துணியை விரித்துவிட்டு அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். கோப்பை இல்லை, குழாய் இல்லை, மான் இல்லை. அவர் முட்டாள் இல்லை, யோசித்தார். எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்து மேலே இருக்கும், கடைப் பெயர். சின்னது கீழே, தொலைபேசி எண். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அதைத்தான் சொன்னது. பெரியதை மேலே வைத்துத் தண்ணீர் விட்டார்.

4

முதல் ஆட்டத்தில் நடந்ததை முன்பே சொன்னேன். ஒன்றை விட்டுவிட்டேன். அந்த விளம்பரத்தை நேராகப் படிக்க முடிந்தவர்கள் எதிர்ப்புறத்துத் தண்டனைப் பெட்டியில் உட்காரவைக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் மட்டுமே. முரட்டு ஆட்டம் ஆடிவிட்டு இரண்டு நிமிஷம் வேறு வேலை இல்லாமல் இருந்ததால், வருஷம் முழுக்கப் படித்ததைவிட அன்று அதிகமாகப் படித்தார்கள்.

அரங்க மேலாளர் டெனிஸ் லார்னைப் பார்த்துக் கத்தினார். "ஏப்ரல் வரைக்கும் நான் இதப் பாத்துட்டே இருக்கணுமா? இருய்யா, உன் வேலையப் பத்தி உனக்கு எழுத்துல வரும்."

ஆனால் மறுநாளே ஊர்ப் பேச்சு திசை மாறியது. யாரோ வானொலியில் சொன்னார்கள்: எழுத்து கண்ணெதிரே இருந்தும் படிக்க முடியாமல் போனால் எப்படி இருக்கும் என்று அறுநூறு பேருக்குக் காட்டிவிட்டார்களே, என்ன மூளை! அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பதினொரு பேர் வகுப்பில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரையும் ஒருவர் கூட்டிவந்தார். ஒருத்தி தன் மாமனாரை அழைத்துவந்தாள். மரம் அறுக்கும் ஆலையிலிருந்து ஒருவர் தன் மேஸ்திரியையே பிடித்துவந்தார். எழுத்தில் வரும் என்று தான் சொன்னதை டெனிஸ் மறந்தே போனார்.

லார்ன் மறக்கவில்லை.

ஐலா நன்றி சொல்ல அரங்கத்துக்குப் போனாள். "லார்ன், வேணும்னுதானே பண்ணீங்க? சும்மா சொல்லுங்க, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

"கண்ணாடிய மறந்துட்டேன் ஐலா." அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று. "அங்க பாரு, அந்தக் கடைசி கோல் பக்கத்துல. மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சாயங்காலத்துக்குள்ள அடைக்கணும்."

அவள் அங்கே நடந்துபோனாள். குனிந்தும் தெரியவில்லை. மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றி, விரலால் தடவித்தான் விரிசலைக் கண்டுபிடித்தாள். இங்கிருந்து அங்கே அறுபது மீட்டர். அதைக் கண்ட கண்ணுக்கு, காலடியில் கிடந்த பெரிய எழுத்தைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது.

(இந்த இடத்தில் அவளைப் பேசவைக்க மூன்று முறை முயன்றேன். "எனக்குத் தெரியும் லார்ன், நீங்க..." என்று தொடங்கினாள். அடித்தேன். ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக்காத்ததை நம் வசதிக்காக உடைக்கக் கூடாது. அவளும் அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. விரிசல் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.)

5

இங்கே எனக்கே ஒரு சந்தேகம் வந்து நான்கு நாள் எழுதவில்லை. நிஜத்தில் அந்த மனிதர் உண்மையாகவே கண்ணாடியை மறந்திருந்தால்? நன்றாகப் படித்த ஒருவரைப் படிக்கத் தெரியாதவர் என்று எழுதுகிறேனா? அப்படியானால் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்கத் தோன்றியதுமே எனக்கு உறைத்தது. படிக்கத் தெரியாது என்பதை ஒரு குற்றம் போலல்லவா நானும் நினைத்திருக்கிறேன். லார்ன் யாருக்குப் பயந்து கயிறு மாட்டிக்கொண்டு திரிகிறார்? என்னைப் போன்றவர்களுக்குத்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் இருக்கட்டும்.

6

மாகாணம் முழுவதற்குமான விளம்பரப் பரிசுக்கு ஐலா விண்ணப்பித்தாள். "யாருடைய யோசனை?" என்ற கட்டத்தில் லார்ன் பெசெட் என்று எழுதி, பழக்கதோஷத்தில் அவர் முகவரியையும் கீழே போட்டுவிட்டாள். படிக்கத் தெரியாதவரை எழுத்தால் கூப்பிட முடியாது என்று ஊருக்கே சொன்னவள் செய்த வேலை இது.

நவம்பரில் லார்னுக்குக் கடிதம் வந்தது. தடித்த தாள், பொன்னிற முத்திரை. அதில் இருந்தது இதுதான்: உங்களுக்குப் பரிசு கிடைத்திருக்கிறது, விழாவுக்கு வருவீர்களா என்று அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

லார்ன் அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். முத்திரை. தன் பெயர். எழுத்தில் வரும் என்று டெனிஸ் சொன்னாரே, வந்துவிட்டது.

ஒன்பது நாள் அது அவர் கோட்டுப் பைக்குள் இருந்தது. நோரீன் பேத்தியின் படங்களோடு திரும்பி வந்துவிட்டாள், ஆனாலும் அவளிடம் காட்டவில்லை. வேலையை விட்டு நீக்கும் கடிதத்தை உருளைக்கிழங்கு வறுவலுக்கு நிற்கும் வரிசைக்கு முன்னால் வைத்துப் படிக்கச் சொல்வதா? அந்த ஒன்பது நாளும் அவர் பனித்தளத்தை என்றைக்கும் இல்லாத அளவுக்கு இழைத்தார். அடுத்து வருகிறவன் குறை சொல்லக் கூடாதாம். அரங்கத்தில் தன் சாமான் பெட்டியைக் காலி செய்து காலுறைகளை வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்தக் கயிற்றை மட்டும் எடுத்துப் போவதா வைத்துப் போவதா என்று அவருக்குத் தீர்மானம் ஆகவில்லை.

(எழுதும்போது எனக்கே தாங்கவில்லை. "லார்ன், அது பரிசுய்யா!" என்று பக்கத்துக்குள் கத்தலாம் போலிருந்தது. கத்தினாலும் எழுத்தாகத்தானே கத்த முடியும்.)

7

முடிவுகள்.

முதலாவது: விழா மேடை, விளக்குகள், லார்ன் எழுந்து தன் கதையைச் சொல்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (கைதட்டுகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருவருக்கும் லார்னைத் தெரியாது. வேண்டாம்.)

இரண்டாவது: அரங்கத்தின் பின்னால், பனித்தளத்தைச் சீவும் வண்டி கொட்டிவைக்கும் பனிக்குவியலுக்குள் கடிதத்தை எறிந்துவிடுகிறார். யாரும் அவரை நீக்கவில்லை. ஏன் நீக்கவில்லை என்று அவருக்குப் புரியவும் இல்லை. ஜூனில் குவியல் உருகி, நனைந்த பொன்முத்திரை வெளியே— (ஐயோ, வேண்டாம். நன்றாக எழுத வரும் என்பதற்காக ஒரு மனிதரை இப்படி வதைக்க முடியாது.)

மூன்றாவதை நான் எழுத உட்காரும்முன் லார்னே தொடங்கிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம். நூலகத்தில் ஐலாவின் மேசைக்கு எதிரே வந்து நின்றார். பனிக்காலணியிலிருந்து தண்ணீர் சொட்டி விரிப்பை நனைத்தது. கழுத்தில் கயிறு இல்லை.

"உன் விளம்பரத்துல, படிக்கத் தெரியாத ஒருத்தரக் கூட்டிட்டு வரச் சொல்லிருக்கியாமே," என்றார். "என்னையே கூட்டிட்டு வந்திருக்கேன்."

ஐலா எதிர் நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க லார்ன்," என்றாள்.

அவர் கடிதத்தை எடுத்து மேசைமேல் நீவி வைத்தார். வைத்தது அவர் பக்கத்துக்குத் தலைகீழாக. அவள் அதைத் திருப்பப் போனாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள். எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இதுல உங்களுக்குத் தெரிஞ்சது எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

லார்ன் தேடினார். தாளை அவரே திருப்பினார். தடித்த விரல் மெதுவாக இறங்கிவந்து ஓரிடத்தில் நின்றது.

"இது நான்," என்றார்.

விரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த வார்த்தைக்கு நகர்த்த என்னால் முடியவில்லை. ஐலாவும் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அவளை நம்பிப் பயனில்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கதையை இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள், படிக்கவும் தெரியும். மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து உட்கார்ந்து மிச்சத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவசரமில்லை, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒருநாள் இருக்கிறது. ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் விரல் வந்து சேரட்டும்.