லவீனாவுக்கு விழுந்த ஒன்றாம் எண்

லவீனா வில்லோவுக்குச் சரித்திரம் கைவந்த பாடம். ஆனால் அந்த ஜனவரியில் "மேற்கு நோக்கி" என்ற பாடம் தொடங்கியதிலிருந்து வகுப்பில் உட்காருவதே அவளுக்கு முள்மேல் இருப்பதாக இருந்தது. புத்தகத்தில் கூண்டு வண்டிகள் வந்தன, மாடுகள் வந்தன, ரயில் வந்தது. எல்லாம் வந்து சேர்ந்த இடத்துக்கு மட்டும் படத்தில் வண்ணமே அடிக்கவில்லை, வெறும் வெள்ளை. அவளுடைய மக்களான அரப்பாஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடியினர் ஒரு பக்கத்தின் அடியில் இரண்டு வரி வந்தார்கள். மூன்றாவது வரியில் "அகன்று சென்றார்கள்."

எங்கே அகன்று? ஆற்றைத் தாண்டித் தெற்கே பதினைந்து மைல். அங்கிருந்துதான் அவள் தினமும் காலை ஆறரைக்கு மஞ்சள் பஸ் ஏறி இந்த ஊர்ப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள்.

இருபத்தாறு பேர் இருந்த வகுப்பில் அவளும் பெரியம்மா மகள் ஜோலீனும் மட்டுமே அரப்பாஹோக்கள். இருவரும் பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஊரே அவர்கள் பெயரைச் சொல்லிக் கத்தும். திங்கட்கிழமை கடைத்தெருவில் பார்த்தால் அதே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சரித்திர ஆசிரியர் ஹால்வர்சன் கெட்டவர் இல்லை. பாடத்தை விளையாட்டாக நடத்தினால் மனத்தில் பதியும் என்று நம்புகிறவர். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு காபி டின்னும் ஆளுயர வரைபடமும் கொண்டுவந்தார். ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலம் முழுவதும் அதில் கட்டம் கட்டமாக இருந்தது. கட்டத்துக்கு நூற்றறுபது ஏக்கர். எண்பது வருஷத்துக்கு முன் அரசாங்கம் இந்த நிலத்தை வெள்ளையர் குடியேறத் திறந்துவிட்டபோது இப்படித்தான் குலுக்கல் போட்டது, தன் கொள்ளுத் தாத்தாவுக்கு எண்பத்து நாலாம் எண் விழுந்தது என்று பெருமையாகச் சொன்னார். டின்னிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். எண் வரிசைப்படி வந்து ஒரு கட்டத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு "என் பண்ணையில் முதல் குளிர்காலம்" என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பருவத்து மதிப்பெண்ணில் கால்வாசி இதற்குத்தான்.

லவீனா சீட்டைப் பிரித்தாள். ஒன்று.

வகுப்பு முனகியது. பின்வரிசையிலிருந்து கிரெய்க் டென்னிங் சொன்னான்: "பாருங்கடா, நிலத்தத் திருப்பி வாங்கிட்டுப் போகப் போறா."

எல்லாரும் சிரித்தார்கள். ஹால்வர்சனுக்கும் உதட்டோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

அவளுடைய அம்மா கார்லீன் அரப்பாஹோ நில அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். பயிற்சி முடிந்ததும் லவீனா அங்கேதான் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஆறு வருஷமாக அவள் தலைக்குமேல் ஒரு பழைய வரைபடம் தொங்கியது. பழுப்பு மையில் ஒவ்வொரு நிலத்துண்டிலும், குலுக்கலுக்கு முன் அதை வைத்திருந்தவர் பெயர். யாரும் அவளை அதைப் படிக்கச் சொன்னதில்லை. கணக்கு வராதபோதெல்லாம் நிமிர்ந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஹால்வர்சனிடம் பேனாவை வாங்கி, வகுப்பு வரைபடத்தின் ஆற்று வளைவில் முதல் பெயரை எழுதினாள். இரவில் நடப்பவர். பக்கத்தில் மஞ்சள் இறகு. அதற்கு மேலே சாம்பல் கரடியும் அவர் தம்பியும். இப்போது பள்ளி நிற்கும் கட்டத்தில் ஓநாய்க்குட்டி மேரி.

"லவீனா, ஒண்ணு போதும்" என்றார் ஹால்வர்சன்.

அவள் நிறுத்தவில்லை. பெயர் தெரியாத கட்டங்களில் "இங்கே குதிரை மேய்ந்தது", "இங்கே கிழங்கு தோண்டினோம்" என்று எழுதினாள். மணி அடிப்பதற்குள் வரைபடத்தில் வெள்ளை இடமே இல்லை.

"ஒரு கட்டம்தானே எடுக்கச் சொன்னேன்?"

"நான் ஒண்ணுமே எடுக்கல சார். யார் யாருதுன்னு எழுதியிருக்கேன். காலியா இருக்கறதைப் பாத்து அவங்கள எடுத்துக்கச் சொல்லுங்க."

கிரெய்க் டென்னிங்கின் கையில் இரண்டாம் எண் இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

ஹால்வர்சன் பூஜ்யம் போட்டார். பூஜ்யம் விழுந்தால் சராசரி இறங்கும். இறங்கினால் சனிக்கிழமை ஆட முடியாது. அந்த ஆட்டம் மாவட்டத் தகுதிக்கானது. மறுநாள் அவரே அவளைக் கூப்பிட்டு, வேறு வரைபடம் தருகிறேன், ஒரு கட்டத்தைக் குறித்து ஒரு பக்கம் எழுதிக் கொடு, எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றார். யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. மாட்டேன் என்றாள்.

ஜோலீனுக்குத் தாங்கவில்லை. "ஒரு பக்கம்டி. பொய்யா எழுதிக் குடுத்துட்டு வந்து ஆடு."

"பொய்யத்தான் மாசம் முழுக்கப் படிச்சாச்சே. நானும் வேற எழுதணுமா?"

அம்மாவும் ஜோலீன் பக்கம்தான். "கோவத்த வெச்சு என்ன அடுப்பா எரிக்கப் போற? பள்ளிக்கூடத்த முடிச்சுட்டு வெளிய வா, அப்பறம் சண்ட போடு" என்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்லித் தட்டை நகர்த்தினாள். வியாழக்கிழமை தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று பிக்கப் வண்டியில் வரும்போதே உதடசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஹால்வர்சன் மரியாதையாக நாற்காலி போட்டார். உங்கள் பெண் கெட்டிக்காரி, பிடிவாதம்தான் அதிகம் என்றார். மேசைமேல் வரைபடத்தை விரித்து, இந்தப் பெயர்களெல்லாம் உண்மையா கற்பனையா என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

கார்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். விரலை வைத்துக் கட்டம் கட்டமாக நகர்ந்தாள்.

"இங்க ஒரு தப்பு இருக்கு" என்றாள் அம்மா.

ஹால்வர்சன் முன்னால் சாய்ந்தார்.

"நிற்கும் காகத்தோட மனைவிக்குத் தனியா ஒரு துண்டு உண்டு. புருஷன் பேரோட சேத்து எழுதிட்டா. பேனா இருக்கா உங்ககிட்ட?"

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கார்லீன் தன் தட்டச்சு எழுத்தைப் போலவே சீராக அந்தப் பெயரை எழுதி, பேனாவை மூடித் திருப்பித் தந்தாள். ஒத்திகை பார்த்த மன்னிப்பைக் கேட்கவில்லை.

"மத்ததெல்லாம் சரி. ஆபீஸ்ல பத்திரம் இருக்கு, எப்ப வேணா வந்து பாருங்க. எண்பத்து நாலாம் நம்பர்ல உங்க கொள்ளுத் தாத்தா புடிச்ச நிலம் முன்ன யாரோடதுன்னும் சொல்றேன்."

ஹால்வர்சனின் காது மடல்கள் சிவந்தன. பூஜ்யத்தை அவர் மாற்றவில்லை.

சனிக்கிழமை லவீனா சாதாரணச் சட்டையில் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாள். நாலு பாயிண்டில் தோற்றார்கள். ஜோலீன் அவளைத் தாண்டிப் போகும்போது, "உன் வீம்பு, நாலு பாயிண்ட்" என்றாள். பிறகு எட்டு நாள் பேசவில்லை. அன்று படிக்கட்டில் அந்த வார்த்தை வலித்தது. எழுதிக் கொடுத்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் வந்து போனது. அப்போது மேல்படியிலிருந்த முன்பின் தெரியாத அரப்பாஹோ ஒருவர் குனிந்து, "வரைபடத்துல எழுதின பொண்ணு நீதானா? எங்க தாத்தாவோட இடத்தப் போட்டியா, மஞ்சள் இறகு?" என்று கேட்டார்.

"போட்டேன் மாமா. ஆத்து வளைவுல."

அவர் தலையாட்டிவிட்டு, வாங்கிவந்த சோளப்பொரியை அவள் பக்கம் நீட்டினார். எழுதிக் கொடுத்திருக்கலாமோ என்ற எண்ணம் போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

மார்ச்சில் பரீட்சை வந்தது. குடியேறிகள் மேற்கே வந்ததற்கான காரணங்களை விளக்குக. லவீனா நாலு பக்கத்தில் ஒன்று விடாமல் எழுதினாள்: தங்கம், ரயில், இலவச நிலம், கிழக்கில் பஞ்சம். அவளை விடச் சரியாக எழுதியவர் வகுப்பில் இல்லை. பிறகு ஒரு தாள் வாங்கி, அதே வருஷங்களைத் தன் மக்களின் பக்கத்திலிருந்து எழுதினாள். யார் எந்தக் கட்டத்தை விட்டு எந்த மாதம் கிளம்பினார்கள், எதை எடுத்துப்போக விடவில்லை என்று.

தொண்ணூற்றொன்று வந்தது. ஐந்தாவது பக்கத்தில் மதிப்பெண்ணும் இல்லை, ஒரு திருத்தக் கோடும் இல்லை. அவள் தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனாள்.

"இதத் திருத்தலையே சார்."

"படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன்" என்றார் ஹால்வர்சன். "ஆனா அது நான் கேட்ட கேள்வி இல்லையே லவீனா."

"யாரும் கேக்கறதில்ல சார். அதான் நானே எழுதிட்டேன்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாள்.